ஒயரக்காவின் பதினோரு கணினிகள்

ஒவ்வொரு கணினியின் முதுகிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வருகிறார் ஒயரக்கா. பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற முகம். ஐந்தாவதில் கை நின்றுவிடுகிறது. "ஏன்டா இப்படிக் கொதிக்கற? மூச்சு முட்டுதா?" கொண்டையில் செருகியிருக்கும் ஸ்குரூ டிரைவரை உருவி மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியின் தூசியைத் தட்டுகிறார்.

பொது நூலகத்தின் கணினி அறை அவர் ராஜ்ஜியம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வீட்டிலோ பல்பு மாற்றக்கூடக் கணவர்தான் ஏணி ஏற வேண்டும். "உலகத்து மெஷினெல்லாம் இவ கையில பொழச்சுக்குது, நம்ம வீட்டு மிக்ஸி மட்டும் செத்துக் கெடக்கு" என்பது கணவரின் நிரந்தரப் புலம்பல்.

இந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. கணினிகளில் ஓடும் இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்தது, இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது என்று பதினோரு திரையிலும் அறிவிப்பு. அப்படியே இணையத்தில் விடுவது, பூட்டில்லாத வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வெளியூர் போவது மாதிரி. மேலாளர் யோசிக்கவே இல்லை. "எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். ரூம்ல புத்தகக் கட்டு அடுக்கிக்கலாம்."

"அப்ப தையல்காரர் அண்ணன் எங்க போவாரு சார்?"

தையல்காரர் தினமும் பத்து மணிக்கு மூன்றாவது கணினியில் உட்கார்ந்து, தொலைதூரத்தில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்ப்பவர். அவருக்கு வேறு வழியில்லை. ஒயரக்கா ஒற்றைக்காலில் நின்று, வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினார்.

முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகலெடுத்தார். "ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கணும்ல?" பிறகுதான் வைத்தியம். நான்கு கணினிகளுக்கு நினைவகத்தைக் கூட்டியதும் புதிய பதிப்பை ஏற்றுக்கொண்டன. ஆறு, அதைத் தாங்காத கிழடுகள். அவற்றில் இலவசமாகக் கிடைக்கும் வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, சரிப்பட்டதும் நிறுவினார். பதினோராவதோ பழைய ஸ்கேனருடன் மட்டும் பேசுகிற பிடிவாதக்காரன். அவனை மாற்றவில்லை. இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டார். "நீ வீட்டோட இரு ராசா. வெளிய போனாத்தானே வம்பு."

புதன்கிழமை, மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, தையல்காரர் மூன்றாவதில் உட்கார்ந்தார். வழக்கம்போல் இடது மூலையில் அழுத்தினார். புதுத் திரையில் அந்த இடத்தில் இருந்தது அணைக்கும் பொத்தான். கணினி அணைந்துபோனது. மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரரின் முகம் தொங்கிப்போனது. "எனக்கெதுக்கும்மா புதுசு... விட்டுடு" என்று எழுந்து போய்விட்டார்.

ஒயரக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது. இங்கே வருகிறவர்கள் பெயரைப் படித்து அழுத்துவதில்லை. இடத்தைப் பார்த்து அழுத்துகிறார்கள், இருட்டில் சொந்த வீட்டுச் சுவிட்சைத் தடவுவதுபோல. மறுநாள் முழுக்க, நகலோடு எடுத்து வைத்திருந்த பழைய திரைகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படக்குறியையும் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் உட்காரவைத்தார். பின்னணியில் இருந்த அதே மங்கலான மலைப்படத்தையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் விறைப்பாக வந்து மூன்றாவது கணினி முன்னால் உட்கார்ந்தார். பதினொன்றையும் அப்புறப்படுத்தும் ஆணையைக் கடகடவென்று தட்டச்சு செய்தார். அச்செடுத்தார். மேசை ஆடுகிறது என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, இதுல பழசையே திரும்பப் போட்டுட்டீங்க போல. என்னமோ மாத்தினீங்களே... அது எதுல? காட்டுங்க, பார்ப்போம்."

"இப்ப நீங்க லெட்டர் அடிச்சீங்களே சார், அதுலதான்."

மேலாளர் திரையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது" என்று முனகிவிட்டு, தாளைக் கையெழுத்துப் போடாமலே மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

மணி பத்து. வற்புறுத்தி வரவழைத்த தையல்காரர் தயங்கித் தயங்கி இடது மூலையில் அழுத்த, திரை நிறைய மகள் சிரித்தாள். "அப்பா, இன்னிக்கு ரொம்பத் தெளிவாத் தெரியறீங்க!"

ஒயரக்கா அந்த ஆணைத் தாளை நான்காக மடித்தார். குனிந்து, மேசையின் ஆடுகிற காலுக்கடியில் செருகினார். ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.