லிஃப்டில் மாட்டிய அசுர ராஜா

எங்கள் கவாகுச்சி லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை குசாபாவுக்கு. நாற்பது வயதாகியும் அவனுக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் நாவல் எழுதுவான். வீடியோ கேம் உலகத்துக்குள் விழுந்துவிட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கதை. தினம் ஓர் அத்தியாயம் இணையத்தில் ஏற்றாவிட்டால் வாசகர்கள் ஓடிவிடுவார்கள் என்று பதறுவான். பார்க்கிற எனக்கே எரிச்சல் வரும். ஆபீசில் என்னைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது என்று வேறு நம்பிக்கொண்டிருந்தான்.

கதையில் கோட்டை லிஃப்ட் நின்றுபோய், வில்லனான அசுர ராஜா ஒரு மாதமாக உள்ளேயே மாட்டியிருந்தான்.

"பாவம், அவனை வெளிய விடேன்டா," என்றேன்.

"விட்டா சண்டை வரும். சண்டை முடிஞ்சா கதையும் முடிஞ்சிரும். அப்புறம் ரயில்ல நான் என்னத்தப் பண்றது?"

எங்கள் மேலாளர் அம்மாவின் பெயர் மாஓ; மரியாதைக்கு 'சான்' சேர்த்து மாஓ சான் என்போம். எங்கள் ஜப்பானிய மொழியில் 'அசுர ராஜா' என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே உச்சரிப்பு. பாதி தட்டினாலே மீதியைக் கைப்பேசி தானாகப் போட்டுவிடும். எது பழக்கமோ அதைப் போடும்.

ஒருநாள் ரயில் தாமதம். அவசரத்தில் குசாபா ஆபீஸ் குழுவில் தட்டிவிட்டான்: "அசுர ராஜா சான், ரயில் லேட்டு. பத்து நிமிஷத்துல வந்துடுறேன்."

மாஓ சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பதில் தட்டினார்.

"மெதுவா வாங்க. நான் எங்க போயிடப் போறேன், ஒரு மாசமா லிஃப்ட்லதானே இருக்கேன்."