முங்காத முட்டை

காலையில் அடுப்பிலிருந்த பாத்திரத்துத் தண்ணீரில் முட்டை முங்கியதும், இன்று கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் இடத்தில் அன்று உப்பளத்தை ஒட்டியிருந்த எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு கண்ணில் வந்து நின்றது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும், வெறும் தண்ணீரில் முங்கும் என்றது பாடப்புத்தகம். பள்ளிக் கிணற்றின் வெறும் தண்ணீரிலும் எங்கள் குழுவின் முட்டை மிதந்தே நின்றது.

"ஏலே, அழுகின முட்டையவா கொண்டாந்தே?" என்றாள் செல்வி.

"நேத்து எங்க கோழி இட்டதுளா!" அந்தோணிக்கு அழுகையே வந்துவிட்டது.

குற்றம் முட்டையிலா, கிணற்றிலா? பாத்திமா தன் குடிதண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தாள். சாயங்காலம் வரை அவளுக்கு அதுதான்.

"எனக்கும் தெரியணும்ளா" என்று முழுவதையும் வேறொரு கிளாசில் ஊற்றினாள். முட்டை மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது.

பள்ளி விட்டதும், எந்தக் கிணற்றில் எவ்வளவு முங்கும் என்று பார்க்க, அந்தோணி முட்டையை ஏந்தி முன்னால் நடக்க, நாக்கு வறளத் தெருத்தெருவாய்ப் போனோம்.