பள்ளிக்கூடம் வரைக்கும் பால் டின்னு

எங்கக்காவ ஆஸ்பத்திரி வண்டியில ஏத்துனப்ப அவ மக பள்ளிக்கூடத்துல உக்காந்து எழுத்துக்கூட்டிகிட்டு இருந்தா. மத்தியானம் சிலேட்ட ஆட்டிகிட்டு வந்து பார்த்தா வீட்ல பாயும் இல்ல, அம்மாவும் இல்ல. போன அக்கா திரும்பி வரவே இல்ல. அதுக்கப்புறம் அந்தப் புள்ள பள்ளிக்கூடம் இருக்கிற திசையில தலவச்சுக்கூடப் படுக்கல. ஏன்டி போவமாட்டேங்கிறேன்னு கேட்டா, "நான் போனா வீட்ல ஆளு காணாமப் போயிருவாங்க மாமா"ன்னு சொல்லும். ஏழு வயசு. 

வெள்ளக்காரங்கிட்டேருந்து மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கெடைச்ச வருசம் அது. ஊரே கொடி கட்டி ஆடிட்டு அப்பத்தான் ஓஞ்சு உக்காந்திருந்துச்சு. எனக்கு வேலை இல்ல. பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிகிட்டு இருந்தேன். கடை மொதலாளி தவுக்கே எப்படி இருமுவாருன்னு வந்தவங்களுக்கு இருமிக் காட்டிகிட்டு இருந்தப்ப அவரு என் பின்னாடிதான் நின்னுகிட்டு இருந்திருக்காரு. அதோட சரி. எங்கப்பா ரோடு போடுற வேலைக்கு விடியறதுக்கு முன்னயே போயிருவாரு. வீட்ல நானும் அந்தப் புள்ளயும்தான். அது பாட்டுக்கு வெளக்கமாத்த எடுத்துக் கூட்டும், அரிசி களையும், நான் வெளிய கால் வச்சா வாசல்லயே நின்னு பார்த்துகிட்டு இருக்கும்.

டிசம்பர் லீவுல ஒரு நாளு எங்க அத்தான் வந்தாரு. புள்ளயோட அப்பன். ஜாசின் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டுறாரு. அக்கா இருக்கும்போதே இன்னொரு பொம்பளையச் சேர்த்துக்கிட்டு, இப்ப அங்க ஒரு கைப்புள்ள வேற.

"மச்சான், நாங்க ரெண்டு பேரும் இருட்டோட காட்டுக்குப் போயிர்றோம். தொட்டில ஆட்ட ஆளு இல்ல. இவள அனுப்பி வச்சிரு"ன்னாரு.

"இவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு அத்தான்."

"எங்க போறா? வீட்லதான குந்திகிட்டு இருக்கா? சாகும்போது உங்கக்கா கேட்டா, புள்ளயப் படிக்க வையின்னு. சரின்னு சொல்லிட்டேன். அதனால சொல்றேன். ஜனவரில பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்கு நானே வர்றேன். போனான்னா நான் கை வைக்கல. போகலைன்னா சும்மா கெடக்குற புள்ள, எங்கிட்ட வரட்டும்."

அத்தானக் கெட்ட மனுசன்னு சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனா இருந்தா ஒரு வார்த்தை திட்டியாவது தீத்துக்கலாம்.

சரி, புள்ளைக்குப் பள்ளிக்கூடத்து மேல ஆசை வரவைக்கணும்னு கெளம்புனேன். நாலாங்கிளாஸ்லயே ஓடி வந்த ஆளு நான். என்னையப் போயி அந்த வேலைக்குப் போட்டா எப்படி இருக்கும்? மாவு சாக்கக் கிழிச்சு ஒரு பை தைக்கச் சொன்னேன். சாக்குல போட்டிருந்த சேவல் படம் எவ்வளவு தொவைச்சும் போவல. "நல்லதாப் போச்சு, காலையில இதுவே கூவி எழுப்பிரும்"னேன். சிரிச்சா. அழகாத் தைச்சா. தைச்சு முடிச்சதும் அதுல வெங்காயத்தக் கொட்டி ஆணியில மாட்டிட்டா.

பழைய காலண்டர் தாள்ல பொஸ்தகத்துக்கு அட்டை போட்டோம். தென்ன ஓலையில கைக்கடிகாரம் பண்ணி மாட்டிவிட்டேன். "மணி என்னாடி?"ன்னா, "தாத்தா வர்ற நேரம்"னு சொல்லுவா. பள்ளிக்கூட நேரம்னு அந்த ஓலைக் கடிகாரத்துல வரவே வராது.

"நான் கூடவே வந்து பள்ளிக்கூட கேட்டுகிட்ட நிக்கிறேன், வா"ன்னேன்.

"நீயும் வந்துட்டா வீட்ல யாரு?"

கேள்வியப் பாருங்க. வக்கீல் கெட்டாரு.

வெளையாட்டாத்தான் அந்தப் பால் டின்ன எடுத்தேன். ரெண்டு காலி டின்னு. சைக்கிள் கடையிலேருந்து நான் தூக்கிட்டு வந்த சுத்தியால வாய மழுக்கி, அடியில ஆணியால ஓட்டை போட்டு, காத்தாடி நூலக் கோத்து உள்பக்கம் தீக்குச்சியில முடிச்சுப் போட்டேன். நீளமா இழுத்துப் புடிச்சு, நான் வீட்டுக்குள்ள நின்னுகிட்டேன், அவள சந்து முனைக்குப் போகச் சொன்னேன். நூலு வெறப்பா நின்னதும் டின்னுக்குள்ள, "ஏ வெங்காயப் பை"ன்னேன். அங்கேருந்து சிரிப்பு டின்னு வழியா என் காதுக்குள்ள வந்துச்சு. கூசுச்சு.

 பெறவு மெதுவா கேட்டா: "மாமா, இருக்கியா?"

"இருக்கேன்."

ஓடி வந்தா. மூச்சு வாங்குது. "மாமா, இது பள்ளிக்கூடம் வரைக்கும் எட்டுமா?"

அக்கா போனதுக்கப்புறம் பள்ளிக்கூடங்கிற வார்த்தை அவ வாயில தானா வந்தது அதுதான் மொத தடவை. எட்டாதுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?

என் காத்தாடி நூலு பூராத்தையும் எடுத்தேன். எங்க காஜா பெராங் ஏரியாவுல என் காத்தாடிய அறுத்தவன் கெடையாது. அந்த நூலு. பத்தல. பக்கத்து வீட்டு அம்மா, மக்சிக்னு கூப்புடுவோம், ஒரு பெரிய நூல்கண்டு குடுத்தாங்க. கம்போங் செட்டி ஆளு அவங்க, பல தலைமுறைக்கு முன்ன இங்க வந்து கலந்த தமிழ் வம்சம். நம்ம மாரியாத்தாளத்தான் கும்புடுவாங்க, பேச்செல்லாம் மலாய்தான். புள்ள தலையத் தடவி, "கெசியான்"ன்னு மலாய்ல பாவப்பட்டுச் சொல்லிட்டு, நூலுக்குத் தேய்க்க மெழுகுவத்தியும் குடுத்தாங்க.

ஆனா நூலு நேரா போனாத்தான் பேசும். செவுத்துல பட்டாலோ வேலியில பட்டாலோ ஊமையாயிரும். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியோ பாம்பு மாதிரி வளையும். ரெண்டு நாளு யோசிச்சேன். என் வாழ்க்கையில நான் யோசிச்சதே அந்த ரெண்டு நாளுதான். அப்புறம் ஐடியா வந்துச்சு. வளைவுக்கு ஒரு புள்ள. ஒரு காதுல இந்தப் பக்கத்து டின்ன வச்சுக் கேட்டு, அந்தப் பக்கத்து டின்னுல சொல்லணும். அடுத்த வளைவுல அடுத்த புள்ள.

தெருவுல இருந்த அத்தன வாலும் வந்துருச்சுங்க. எங்க வீட்டு வாசல் பூரா டின்னுதான். கஞ்சிப் பசை காய்ச்சி காத்தாடித் தாள் ஒட்டுச்சுங்க. ஓட்டப்பல்லன் அவன் டின்னுக்கு மூக்கு, மீசை வச்சு, "இது ஹெட்மாஸ்டரு"ன்னான். ரெட்டைச்சடை போட்ட ஒரு குட்டி, டின்ன சுத்தி மணி கோத்துக் கட்டுனா. மணி மக்சிக் குடுத்தது. மக்சிக் பேரனுக்குத் தமிழ் வராது. கேள்வி, பதில் ரெண்டையும் மனப்பாடம் பண்ணிகிட்டு, "இர்க்கியா, இர்க்கேன்"னு நாளெல்லாம் கோழியப் பார்த்துக்கூடச் சொல்லிகிட்டு இருந்தான். காப்பி விக்கிற கொப்பிக்கடைக்காரர் மகன் ஒருத்தன், பள்ளிக்கூடம்னாலே காய்ச்சல் வர்ற பய, கோலிய விட்டுட்டு வந்து உக்காந்து டின்னுக்குக் கொடி வரைஞ்சான். புதுக் கொடி. நட்சத்திரத்துக்கு எத்தன முனைன்னு சண்டை வந்து, கடைசியில பூ மாதிரி ஒண்ணப் போட்டு வச்சான்.

லீவு முடியற வாரத்துல சோதிச்சுப் பார்த்தோம். பூட்டுன பள்ளிக்கூட கேட்டுகிட்ட புள்ள நிக்கிறா. வழியில வளைவுக்கு ஒண்ணா அதுங்க நிக்குதுங்க. நான் வீட்ல. மொதல்ல "மெர்டேக்கா!"ன்னு அனுப்புனேன். வளைவு வளைவா அது கத்திகிட்டே போனது தெருவுக்கே கேட்டுச்சு. டின்னே வேண்டியிருக்கல. அப்புறம் அடங்குச்சு. ரொம்ப நேரம் கழிச்சு மக்சிக் பேரன் குரல்ல வந்துச்சு: "மாமா, இர்க்கியா?"

"இருக்கேன்."

அது போயி அவகிட்ட சேர்ந்துச்சு. வீட்டுக்கு வந்து ஆணியில இருந்த பைய எடுத்து வெங்காயத்தக் கீழ கொட்டுனா. சிலேட்டத் தொடைச்சு உள்ள வச்சா. காலையில கேட்டுகிட்ட ஒரு தடவை கேட்பாளாம். ரீசஸ் மணி அடிச்சதும் ஒரு தடவை. பதில் வந்தா படிப்பாளாம். எங்கப்பா அன்னிக்கு சோத்துல கை வச்சபடியே அழுதாரு. "அப்பா, உப்பு போதும், கண்ணீர் விடாதீங்க"ன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்துருச்சு.

தொறக்குற அன்னிக்குக் காலையில எங்க வாசல்ல திருவிழாதான். எல்லாம் தலைக்கு எண்ணெய் வச்சு, கையில சிலேட்டோட வந்து நிக்குதுங்க. கொப்பிக்கடை பயலக்கூட அவங்கப்பா அடிக்காம அன்னிக்கு வந்துட்டான். வெள்ளச் சட்டை போட்டிருந்தான், அடையாளமே தெரியல. காஜா பெராங்ல அத்தன புள்ளைங்க சிரிச்சுகிட்டு பள்ளிக்கூடம் போயி நான் பார்த்ததே இல்ல. எங்க அக்கா மக நடுவுல. சேவல் பை தோள்ல. திரும்பிப் பார்த்து, "இருப்பேல்ல மாமா?"ன்னா.

"நகர மாட்டேன் போடி. ஆணி அடிச்சு வச்சுட்டுப் போ."

நூலையெல்லாம் முன்னாடி நாளே கட்டி வச்சிருந்தோம். உள்ள போயி டின்ன காதுல வச்சுகிட்டு உக்காந்தேன். அத்தான் வரட்டும், வந்து பார்க்கட்டும்னு இருந்துச்சு. டின்னுக்குள்ள ஒண்ணுமே கேக்கல. காத்து மட்டும் ம்ம்முனு ஓடுது. நடந்து போவணுமே, நேரமாகும்தான்னு இருந்தேன். பள்ளிக்கூட மணி அடிச்சது தூரத்துல கேட்டுச்சு. டின்னு பேசல.

அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. வளைவுல யாரு நிக்கிறா?

எல்லாந்தான் பள்ளிக்கூடம் போயிருச்சுங்களே! தொறந்த அன்னிக்குப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துலதான இருக்கும்? மக்சிக் பேரனும் டவுன்ல அவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான். அத்தன நாளு டின்னு தட்டுனோம், பசை காய்ச்சுனோம், தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. பெரியவங்க, சின்னவங்க, ஒருத்தருக்காவது தோணுச்சா? எனக்குத் தோணல. எட்டணும், எட்டணும்னு நூலப் பத்தியே நெனச்சுகிட்டு இருந்தேன்.

டின்னக் கீழ போட்டுட்டு ஓடுனேன். கோயிலுக்குப் பின்னாடி ஒரு குறுக்கு வழி இருக்கு, சேறு. அதுல விழுந்து எந்திரிச்சு ஓடுனேன். கேட்டுகிட்ட அவ டின்னு தொங்கிகிட்டு இருந்துச்சு. அவ இல்ல. பள்ளிக்கூட சன்னல் வழியா ஓட்டப்பல்லன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அவ டின்னுல கேட்டா. திரும்பிப் பார்த்தா நாங்கெல்லாம் பின்னாடி நிக்கிறோம். ‘நீங்க இங்க இருந்தா அங்க யாரு?’ன்னா. ஓடிட்டாண்ணே."

பெரிய ரோட்டு வழியாத்தான் ஓடியிருக்கா. நான் இந்தப் பக்கம் ஓடி வந்த நேரத்துல அவ அந்தப் பக்கம் ஓடி வீட்டுக்குப் போயிருக்கா. போனா, வீடு தொறந்து கெடக்கு. உள்ள யாரும் இல்ல. தரையில டின்னு உருண்டு கெடக்கு.

நான் திரும்பிப் போனப்ப அத்தான் அவ துணிய மூட்டை கட்டிகிட்டு இருந்தாரு. அவ, அக்கா பாய் கெடந்த மூலையில, செவுத்தப் பார்த்து உக்காந்திருந்தா. பை தோள்லயே இருந்துச்சு.

"நான் வந்தப்ப தனியா குந்திகிட்டு வெடவெடன்னு நடுங்குறா. இதான் உங்க பள்ளிக்கூடமா?"ன்னாரு அத்தான்.

"அத்தான், இன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு. நாளைக்குப் போவா. நான் நூலக் கழட்டி..." சொல்லச் சொல்ல எனக்கே கேவலமா இருந்துச்சு. நூலு, டின்னு, வளைவுன்னு ஒரு பெரிய மனுசங்கிட்ட என்னத்த வெளக்குறது?

"நாளைக்கு நாளைக்குன்னுதான் மச்சான் நீயும் நாலாங்கிளாஸோட நின்னே."

நான் ஊர்ல அத்தன பேரையும் வாயால அடிச்சவன். அவரு கட்டுன முடிச்ச அவுக்கப் போனேன், கைய விலக்கிவிட்டாரு.

அவ முன்னாடி போயி உக்காந்தேன். "ஏய், இங்க பாரு. நான் எங்கயும் போவல. உன்னத் தேடித்தான் வந்தேன்."

அவ அழுவல. "நீ இல்ல மாமா"ன்னு மட்டும் சொன்னா. கோவமாகூட இல்ல. மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

பஸ்ஸுக்கு நானும் போனேன். எதையாவது சொல்லி சிரிக்க வைக்கலாம்னு, டிரைவர் மூக்கப் பாரு, கண்டக்டர் தொப்பையப் பாருன்னு உளறிகிட்டே இருந்தேன். அவ அத்தான் கையப் புடிச்சுகிட்டு நின்னா. ஏறுனதும் சன்னல் பக்கம் உக்காரல. சேவல் பை மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுது. பஸ் போயிருச்சு.

வீட்டுக்கு வந்து படுத்தேன். தூங்கல. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட மணி கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல, தரையில கெடந்த டின்னு லேசா ஆடுச்சு. யாரோ நூல இழுக்குறாங்க.

எடுத்துக் காதுல வச்சேன். மக்சிக் பேரனும் வந்துட்டான் போல. அவனோட நிறுத்தி நிறுத்திப் பேசுற குரல்: "மாமா, இர்க்கியா?"

எல்லாம் வந்து அதது எடத்துல நின்னுருச்சுங்க. காலையில விட்டத இப்ப சரி பண்ணிரலாம்னு. அவ பஸ் ஏறிப் போயிட்டது தெரியாம, பள்ளிக்கூட கேட்டு மொனையிலேருந்து ஓட்டப்பல்லனே அவளுக்குப் பதிலா கேட்டுட்டான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்கு அந்த நேரம் ஒண்ணும் தோணல. நூலு வெறப்பா நிக்குது. வெயில்ல அத்தன புள்ளைங்க காதுல டின்ன வச்சுகிட்டு காத்துகிட்டு இருக்குங்க.

"இருக்கேன்"னேன்.

அது வளைவு வளைவா போறது கேட்டுச்சு. வேலி ஓரத்துல ஒரு குரல், கோயில் செவுத்துகிட்ட ஒரு குரல், கொப்பிக்கடையாண்ட ஒரு குரல். இருக்கேன், இருக்கேன், இருக்கேன். அப்புறம் கேக்கல. பள்ளிக்கூடத்துகிட்ட போயிருக்கும்.