ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த மெஷின்

ஓடிக்கொண்டிருக்கும் மர இழைப்பு மெஷினின் விலாவில் ஒரு நர்ஸ் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன மாதம், ஆம்பூரில், ஒரு தகரக் கொட்டகைக்குள்.

‘போன வாரம்தானே இந்தப் பத்தியில் பாலாற்று மணலில் நிலா காய்வதைப் பற்றி எழுதினான், இப்போது மெஷினா?’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. என்ன செய்ய... நிலா மாதத்தில் பாதி நாள்தான் தாராளமாக வருகிறது. மரத்தூள் எங்கள் வீட்டில் எல்லா நாளும் பொழிகிறது. தலையணையில், காபியில், நான் எழுதி வைத்த வரிகளின் மேல்.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலி, என் மனைவி. நீண்ட காலம் கணக்கு டீச்சர். ஒரு நாள், “கரும்பலகையில போட்ட கணக்கு போதும்ங்க, இனிமே கையால தொட்டுப் பாக்குற கணக்கு போடப் போறேன்” என்று வேலையை விட்டாள். தச்சு வேலை கற்றுக்கொண்டாள். காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, நர்சரிப் பள்ளிகளுக்குக் குட்டி மேசையும் பெஞ்சும் செய்து கொடுக்கிறாள்.

மெர்சி, மாடியில் குடியிருப்பவள். நெமிலிப் பக்கத்துப் பெண். ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி போட்டால் ராத்திரி முழுக்க வார்டு. பகல்தான் அவளுக்கு ராத்திரி.

இப்போது புரிந்திருக்குமே, சிக்கல் எங்கே என்று?

ஜெயசீலியிடம் இருந்தது கையால் பிடித்து ஓட்டும் குட்டி எலெக்ட்ரிக் இழைப்புளி. உருவம்தான் குட்டி. குரல் — பல் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பது போல. ஒரு பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவர அதை இப்படித் தேய்த்து, அப்படித் தேய்த்து, திருப்பிப் போட்டுத் தேய்த்து... காலையில் தொடங்கினால் சாயங்காலம்வரை வீல் வீல் என்று கத்தும்.

மெர்சி இரண்டு மாதம் பொறுத்தாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம், கலைந்த தலையோடு படியிறங்கி வந்தாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் வேற வீடு பாக்கறேன்.”

“ஏன்டி? இன்னா ஆச்சு?”

“நேத்து ராத்திரி பேஷன்ட்டுக்கு ஊசி ரெடி பண்ணிட்டு நின்னுட்டு இருக்கேன்... எந்தக் கட்டிலுக்குன்னு மறந்து போச்சு. ஒரு நிமிஷம்தான். கூட இருந்த சிஸ்டர் சொன்னாங்க. ஆனா பயந்துட்டேன்க்கா.”

ஜெயசீலி ஷெட்டுக்குப் போய் ஸ்விட்சை அணைத்தாள். அன்று முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சுகள் பாதியில் நின்றன, கால் முளைக்காத கன்றுக்குட்டிகளாய்.

நான் பரண்மேல் ஏறி ‘வீடு வாடகைக்கு’ என்ற பழைய மரப் பலகையைத் தேடி எடுத்தேன். தூசு தட்டிக் கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். முகத்தைப் பார்க்க மனசில்லை.

அன்றைக்குத்தான் ஜெயசீலி முடிவெடுத்தாள். “நின்ன இடத்துலயே நிக்கிற திக்னஸ் பிளேனர் வாங்கிடலாம். ஒரு பக்கம் பலகையைக் குடுத்தா மறுபக்கம் ஒரே கனத்துல வந்துரும். மெர்சி, நீயும் வா. தூக்கம் உன்னோடது. நீதான் செலக்ட் பண்ணணும்.”

நைட் டூட்டி முடிந்த கையோடு, ஹேண்ட்பேக்கோடு மெர்சி காரில் ஏறினாள். டிக்கியில் மூன்று வேப்பம்பலகைகள். சோதனைக்கு.

முதலில் வேலூரில் ஒரு ஷோரூம். எங்கள் கைக்கு எட்டிய விலையில் ஒரு புதுசு — பளபளப்பாக, ஸ்டாண்டு மேல், மாப்பிள்ளை மாதிரி. “மேடம், சத்தமே வராது” என்றான் சேல்ஸ்மேன். ஓட்டினான். சத்தம் வந்தது. பழைய எதிரிக்கு அண்ணன் மாதிரி ஒரு சத்தம். சரி, அதைக்கூட மன்னிக்கலாம். பலகையிலிருந்து ஒரு தடவைக்கு வெங்காயத்தோல் அளவுதான் உரித்தது. திரும்பக் கொடு. மறுபடி கொடு. இன்னொரு தடவை... நாங்கள் நின்று நின்று கால் மாற்றினோம்.

“ஜாஸ்தி ஆழம் வெச்சா?” என்று கேட்டாள் ஜெயசீலி.

“மோட்டார் திணறும் மேடம். இதுக்கு மேல வேணும்னா பெரிய மாடல்.” பெரிய மாடலின் விலையைச் சொன்னான். மூவரும் வெளியே வந்து இளநீர் குடித்தோம்.

அடுத்து ஆம்பூர். கரீம் பாயின் பழைய மெஷின் கொட்டகை. ராணிப்பேட்டையில் ஏற்றுமதிக்கு மரப்பெட்டி அடித்த ஒரு யூனிட் மூடியபோது பாய் வாங்கிப் போட்ட பிளேனர் மூலையில் நின்றது. பச்சைப் பெயின்ட் உரிந்த வார்ப்பிரும்பு உடம்பு. மழையில் நின்ற யானை போல ஒரு கறுத்த பொறுமை.

“பாய், புதுசு வாங்கலாமா, பழசு வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“சார், புதுசு வாங்குனா கம்பெனிக்காரன் வாரன்டி தருவான். நான் இன்னா தருவேன்? டீ தருவேன்” என்றார் பாய். டீ வந்தது.

மெஷினை ஓட்டினார். தரை அதிர்ந்தது. மெர்சி டம்ளரைக் கீழே வைத்தாள். ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டினாள்.

பாய்க்குக் கண் விரிந்தது. “பெல்ட் பக்கம் மட்டும் போவாதம்மா!”

அவள் பின்னலை முடிந்துகொண்டு, பெல்ட் இல்லாத பக்கமாகக் குனிந்து, உருளை சுழலும் இடத்தின் வெளிக்கூட்டில் வைத்துக் கேட்டாள். ஒரு முனையில். பிறகு மறுமுனையில்.

“இன்னா சிஸ்டர், பிபி இருக்கா?”

“பிபி நார்மல் பாய். வலது பக்கம் சுத்தமா இருக்கு. இடது பக்கம் கரகரன்னு சளி கட்டியிருக்கு.”

பாய் சிரித்தார். மெஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “ஆமாம்மா. அந்தப் பக்கம் பேரிங் போயிருக்கு. மாத்தணும்னு நானும் நெனச்சேன்.”

“நெனச்சத எப்ப சொல்றதா இருந்தீங்க?” — இது ஜெயசீலி. டீச்சர் குரல்.

“நீங்க கேட்டா சொல்லியிருப்பேம்மா!”

பேரிங் அங்கேயே மாற்றப்பட்டது. மறுபடி ஓட்டினார்கள். கரகரப்பு போனது, ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது — சத்தம் இருந்தது. ஜெயசீலி வேப்பம்பலகையைக் கொடுத்தாள். ஒரே ஒரு கர்ஜனை. பலகை மறுபக்கம் வந்து விழுந்தது, குளித்துவிட்டு வந்த பிள்ளை போல. இரண்டாவது தடவைக்கு வேலையே இல்லை.

“கத்தும்மா இது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கொஞ்ச நேரந்தான் கத்தும்” என்றார் பாய்.

ஜெயசீலி எங்களைப் பார்க்கவில்லை, மெர்சியைப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்றால் ஷெட்டை மூடிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். மெர்சிக்கும் தெரியும்.

“அக்கா, ஒரு நாளுக்கு வேணுங்கிற மரத்த இதுல இழைக்க எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஒரு மணி நேரம். அதுக்கும் கம்மியா.”

“அப்போ சாயங்காலம் நான் எழுந்து, குளிச்சிட்டு, துண்ட பால்கனி கம்பியில போடுவேன். துண்டு வந்தா ஓட்டுங்க. மத்த நேரம் பசை தடவுங்க, உப்புத்தாள் தேய்ங்க, அண்ணாவ திட்டுங்க. அதெல்லாம் எனக்குத் தூக்கத்துல கேக்காது.”

புதுசா, பழசா என்று கேட்டு எனக்கு எழுதும் நண்பர்களே, பைக்கோ ஃப்ரிட்ஜோ மர மெஷினோ, நான் நிபுணன் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எவ்வளவு சத்தம் என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். மனிதர்களும் அப்படித்தானே? ஒரு தரம் கர்ஜித்து, காரியத்தை முடித்து, அமைதியாகிவிடுகிறவர்கள் உண்டு. வெங்காயத்தோல் உரித்தபடி நாள் முழுக்க முனகுகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் யார் எந்த ரகம் என்று கேட்காதீர்கள்... இந்தப் பத்தி எத்தனை வருடமாக வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், தெரிந்துவிடும்.

மெஷின் வந்து இறங்கிய அன்று சாயங்காலம். ஷெட் வாசலில் ஜெயசீலி கண்ணாடி மாட்டிக்கொண்டு, மாடியையே பார்த்தபடி நின்றாள். வேலூர் மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை மெல்ல உமிழ்ந்துகொண்டிருந்தன. பால்கனிக் கம்பியில் ஒரு நீலத் துண்டு விழுந்தது.

ஜெயசீலி உள்ளே ஓடினாள் — ஷெட்டுக்குள் அல்ல, வீட்டுக்குள். கதவுக்குப் பின்னால் நின்ற ‘வீடு வாடகைக்கு’ பலகையோடு திரும்பி வந்தாள். ஆணி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, முதல் பலகையாக அதைத்தான் உள்ளே கொடுத்தாள். எழுத்துகள் வெள்ளைச் சுருளாய் உதிர்ந்தன. மறுபக்கம் வெறும் தேக்கு வந்தது.

பெயின்ட் அடித்த மரத்தைக் கொடுத்தால் பிளேடு மழுங்கும் என்று பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மழுங்கியது. மழுங்கட்டுமே!