சைதுன்னிசாவின் முதல் வரி

சைதுன்னிசா எந்த வேலையைத் தொடங்கினாலும் தாளின் மேலே 786 போட்ட பிறகுதான் மற்றது. பிஸ்மில்லா என்று எழுதுவதற்குப் பதில் அந்த எண். அவள் அத்தா பனியன் துணி வியாபாரத்தில் அப்படித்தான் போடுவார், மகளும் பிடித்துக்கொண்டாள். பரீட்சைத் தாளில்கூட விட்டதில்லை. கம்ப்யூட்டர் படித்துத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வந்த பிறகு, பெட்டி ஸ்டிக்கர் அச்சடிக்க சி மொழியில் அவள் எழுதும் புரோகிராமும், பிரிண்டருக்குப் போகும் கோப்பின் முதல் வரியாக அதைத்தான் எழுதும். யாருக்கு என்ன நஷ்டம்? ஸ்டிக்கர் சுருளில் முதல் ஸ்டிக்கர் எப்படியும் கிழித்துப் போடுவதுதானே.

தொண்ணூற்றொன்பதில் ஜப்பான் ஆர்டர் வந்தது. பெட்டிமேல் ஒட்டும் ஸ்டிக்கர் ஜப்பான் எழுத்தில் வேண்டுமாம். இங்கிலீஷ் எழுத்து மாதிரி அது ஒரு பைட்டில் அடங்காது, அகல எழுத்து. அதைக் கோப்பில் எழுதத் தனிக் கட்டளைகள் உண்டு. இரண்டு வாரம் படித்து எழுதினாள். வெள்ளோட்டம் எல்லாம் சரியாக வந்தது. வெள்ளோட்டத்துக்கு அவள் 786 போடுவதில்லை, நிஜ வேலைக்குத்தான்.

லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும் நாளன்று 786 போட்டுப் புரோகிராமை ஓட்டினாள். முதல் ஸ்டிக்கரில் 786 வந்தது. அதோடு பிரிண்டர் நின்றுவிட்டது. கோப்பில் அந்த எண்ணைத் தவிர ஒன்றுமே இல்லை.

"நேத்து நல்லாத்தான பாப்பா வந்துச்சு?" என்றார் மேனேஜர் வேலுமணி.

"நேத்து மேல 786 போடலீங்ணா."

"அப்ப அதை எடுத்துப்போடு."

எடுத்தாள். ஜப்பான் எழுத்து கடகடவென்று வந்தது.

பேக்கிங் மயிலாத்தாள் சிரித்தாள். "ஜப்பான்காரனுக்கு உங்க சாமி ஆவாதாட்ட இருக்குது கண்ணு!"

அறையே சிரித்தது. சைதுன்னிசா பிரிண்டரை நிறுத்தினாள்.

"என்னம்மா பண்றே? லாரி நிக்குது!"

"எடுத்தா வருது, சரிங்ணா. போட்டா ஏன் வரலைன்னு தெரியோணுமில்லீங்க? பழி அது மேலயில்ல நிக்குது."

"பழியாவது மண்ணாவது!"

"அரை மணி நேரம் குடுங்ணா. அப்புறம் நீங்க சொல்றாப்பலயே செய்யறேன்."

ஒவ்வொரு கட்டளையும் எழுதியதா இல்லையா என்று பதில் தரும். அதைப் பார்க்காமல் விட்டது அவள் தப்பு. இப்போது பார்த்தாள். அகல எழுத்துக் கட்டளை அத்தனையும் தோல்வி என்றது. புத்தகத்தைப் புரட்டினாள். திறந்த கோப்பில் முதலில் எந்த வகை எழுத்து போகிறதோ, மூடுகிறவரை அது அந்த வகைக்குத்தான். 786ஐப் பழைய பழக்கத்தில் சாதாரணக் கட்டளையால் எழுதியிருந்தாள். பின்னால் வந்த அகல எழுத்தைக் கோப்பு ஏற்கவில்லை.

கட்டளைக்கு நடுவில் ஒரு w, மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு L. அவ்வளவுதான் சேர்த்தாள். 786ம் அகல எழுத்தாகப் போனது. அதன் பின்னாலேயே ஜப்பான் எழுத்தும் வரிசையாக வந்தது.

"அக்கா, பாத்துக்குங்க. சாமி மேல தப்பில்ல. நான் எழுதுன தினுசுதான் தப்பு."

"அதை ஒத்துக்கறதுக்கு உனக்கு அரை மணி நேரமாச்சா?" என்று சுருளை வாங்கிக்கொண்டு ஓடினாள் மயிலாத்தாள்.

லாரி தாமதமாகத்தான் போனது. வேலுமணி இரண்டு நாள் முனகினார். 786ஐ எடுக்கச் சொல்லி மட்டும் அதற்கப்புறம் கேட்கவில்லை.