அவளுக்குச் சொல்லாத ரிப்போர்ட்

ஐம்பது தாண்டினால் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று என் மனைவியை லிட்டில் இந்தியா கிளினிக்குக்கு இழுத்துப்போனவன் நான்தான். இரண்டு பேருக்கும் ஒரே பேக்கேஜ். பத்து நாளில் ரிப்போர்ட்டுகள் என் துணிக்கடைக்கே தபாலில் வந்தன. எனக்குக் கொழுப்பு; அது தெரிந்த கதை. அவளுடையதில் ஒரே ஒரு வரி சிவப்பு: ஏஎன்ஏ பாசிட்டிவ்.

போனில் தேடினேன். ரத்தத்தில் இருக்கும் காவல் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குமாம். மூட்டு, சிறுநீரகம், கன்னத்தில் சிவப்புத் தடிப்பு. அதற்கு மேல் படிக்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்தே வரும். புடவையின் விலை கேட்ட ஒரு அம்மாவிடம் வள்ளென்று விழுந்தேன்.

எங்கள் குடும்பத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. என்னைப் பெற்ற அத்தா, சாகும்வரை தனக்கு வெறும் வாயுத் தொல்லை என்றே நம்பியிருந்தார். அதனால் மார்சிலிங் வீட்டுக்குப் போனதும், "எல்லாம் நார்மல்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் மறுநாளே கருஞ்சீரகமும் தேனுமாக வந்து, என் மனைவியைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. எனக்கு நடிக்கத் தெரியாது, அக்காவுக்கு அதைவிடத் தெரியாது.

மூன்று வாரம். அவள் மாடிப்படியில் ஒரு நொடி நின்றாலும் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். தொழுது முடித்துக் கையேந்தினால் அவளைத் தவிர வேறெதுவும் வாயில் வராது. தாங்க முடியாமல் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"இது அவங்க ரிப்போர்ட். அவங்களோட வாங்க அங்கிள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் டாக்டரான அந்தத் தமிழ்ப் பெண்.

ஃப்ளூ ஊசி போடணும் என்று பொய் சொல்லி மறுநாள் அவளை அழைத்துப்போனேன். டாக்டர் ரிப்போர்ட்டை அவளிடம் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். மூட்டுவலி இல்லை, தடிப்பு இல்லை, வாய்ப்புண் இல்லை. சிறுநீரும் சுத்தம்.

"நல்லா இருக்கிறவங்க ரத்தத்துலயும் இந்த ஏஎன்ஏ இருக்கும் ஆன்ட்டி. ஆம்பளைங்களைவிட பொம்பளைங்களுக்கு அதிகம், வயசாக ஆக இன்னும் கூடும். இதை மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது. ஏதாவது தொந்தரவு வந்தா மட்டும் வாங்க லா."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவள் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. ரயிலில் உட்கார்ந்ததும் தன் போனைத் திறந்து நீட்டினாள். அதே ரிப்போர்ட், அதே சிவப்பு வரி. தபால் வந்த அன்று காலையிலேயே கிளினிக்கிலிருந்து அவள் போனுக்கு வந்திருந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கத்தினேன். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்குச் சாயங்காலம் சொல்லலாம்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே வந்து நார்மல்னு சொன்னீங்க" என்றாள். "மூணு வாரமா தினம் கண்ணாடியில கன்னத்தைப் பார்ப்பேன். எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா? அழுறதுக்குக்கூட எனக்கு ஆளில்லாமப் பண்ணிட்டீங்க."