அத்தைக்குப் போன மெயில்

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரத்தில் எங்கள் சொந்தத்துக்குள் ஓர் ஈமெயில் குரூப் ஆரம்பித்தேன். பதினோரு பேர். எல்லோரும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள். ஒருவன் அமெரிக்காவில், மீதிப் பேர் கோவையைச் சுற்றி. குலதெய்வக் கோயில் பொங்கல் என்றைக்கு, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவோம். ஆரம்பித்தவன் என்ற மிதப்பில் எனக்குக் கால் தரையில் பாவாது. இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

போத்தனூரில் பெரியப்பா இறந்தது ஒரு புதன்கிழமை காலையில். எங்கள் பக்கம் சாவுச் செய்தியை ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். அதிலும் கூடப்பிறந்தவளுக்கு நேரில் சொல்லாமல் விடவே மாட்டார்கள். பெரியப்பாவுக்கு ஒரே தங்கை, துடியலூரில் இருந்த என் அத்தை. "அத்தைக்குச் சொல்லிக் கையோட கூட்டியாந்துரு கண்ணு" என்று பெரியம்மா அழுகைக்கு நடுவே என்னிடம்தான் சொன்னார்.

மொபெட்டில் போனால் ஒரு மணி நேரம். அத்தை வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு நம்பர் என் டைரியில் இருந்தது. நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அத்தை மகன்தான் குரூப்பில் இருக்கிறானே, எல்லோருக்கும் ஒரே மெயிலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று அனுப்பினேன். சில நிமிடங்களில் அமெரிக்காவில் இருந்து பதில் வந்தது. பூரித்துப்போனேன். சாவு வீட்டில் இருந்து வந்தவன், பூரித்துப்போனேன். அங்கேயே உட்கார்ந்து வந்த பதில்களுக்கெல்லாம் பதில் எழுதினேன்.

திரும்பியபோது பெரியப்பாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பந்தல், நாற்காலி, தண்ணீர் என்று ஓடிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குச் சித்தப்பா, "துடியலூருக்குச் சொல்லியாச்சாப்பா?" என்று கேட்டார். "சொல்லியாச்சுங்க, வந்துட்டிருப்பாங்க" என்றேன். என் பேச்சை நம்பி ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். இருட்டுவதற்குள் காரியம் முடிய வேண்டுமே என்று எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அத்தை வந்தார். சாவுக்கு வந்துபோன உறவுக்காரர் ஒருவர், ஏன் வரவில்லை என்று கேட்கப் போய்த்தான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. "நான் ஞாயித்துக்கெழமதான மெயில் பாப்பேன்" என்றான் அவர் மகன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவன் மேல் என்ன தப்பு?

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணனை எங்கே கிடத்தியிருந்தார்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டு, கழுவிவிட்ட அந்தத் தரையில் போய் உட்கார்ந்தார். அழக்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? எரித்த முகத்தைக் கொண்டுவந்து காட்ட முடியுமா?

வெகுநேரம் கழித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்ணன் மூஞ்சி எப்படி இருந்துச்சு கண்ணு? நோவு தெரிஞ்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். மாலைகள் ஞாபகம் வந்தன. சுற்றி நின்றவர்கள் ஞாபகம் வந்தார்கள். கம்ப்யூட்டரில் வந்த பதில்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"தூங்கற மாதிரி இருந்தாருங்க அத்தை" என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் பாக்கலியா சாமி" என்றார்.